மண்ணெண்ணெய்க் காலத்து ரைமிங்

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு, யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் கார் வருவதை முதலில் மூக்குத்தான் சொல்லும். கதியால் வேலிக்குள்ளால் மண்ணெண்ணெய்ப் புகை புகுந்து முற்றத்துக்கு வந்துவிடும். கண் எரியும். அதற்குப் பின்னால்தான் சத்தம். மின்சாரம் நின்றுபோன ஊர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நாட்கள். குண்டு விழாத வேளைகளில் சந்தியில் ஒரு எஞ்சின் இரைந்தால் ஒழுங்கையின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் அது யாருடைய கார், பாரம் ஏற்றியிருக்கிறதா, ரைமிங் முந்தி நிற்கிறதா பிந்தி நிற்கிறதா என்று சொல்லக்கூடிய ஆட்கள் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது குஞ்சியப்பு. ஐயாவின் கடைசித் தம்பி.

கோண்டாவில் பஸ் டிப்போவில் இளம் வயதில் வேலை பழகி, பிறகு அதை விட்டுவிட்டு வீட்டு வளவிலேயே கராஜ் போட்டவர். கிடுகுக் கொட்டில். எண்ணெய் ஊறிக் கறுத்த நிலம். எஞ்சின் தூக்குவதற்கு மாமரக் கொப்பில் ஒரு செயின் புளொக். பெயர்ப் பலகை கிடையாது, தேவையும் இருக்கவில்லை. வாசலில் எப்போதும் ஒரு ஒஸ்ரினோ மொறிஸோ மூடியைத் திறந்தபடி நிற்கும்.

அந்தக் கார்கள் எங்களிடம் அவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் வெளிவந்தது. பின்னாளில் மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் கைவேலை அது. ஒஸ்ரின் ஏ40 டெவன் 1947இலும் சோமசெற் 1952இலும் கேம்பிறிட்ஜ் 1954இலும் வந்தன. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் வாங்கினார்கள், ஓய்வெடுத்து ஊருக்குத் திரும்பும்போது காரையும் கொண்டுவந்தார்கள். அறுபதுகளில் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. 1977 வரை புதுக் கார் என்பது சாதாரண மனிதருக்கு எட்டாத பொருளாகிவிட்டது. ஆகவே இருந்த காரைத்தான் திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டும். தகப்பனின் கார் மகளின் சீதனமாகி, மருமகனின் கையில் ஹயர் காராகி, கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் செத்தவீட்டுக்கும் ஓடியது. ஒரே காரை இருபது முப்பது வருடம் கேட்டுப் பழகிய காதுகள் அப்படித்தான் உருவாயின.

ரைமிங் என்றால் என்னவென்று நான் கேட்டபோது குஞ்சியப்பு ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “ஊஞ்சல் ஆட்டினனியெல்லோ? ஊஞ்சல் உன்னட்டை வந்து முடிய முன்னம் தள்ளினா உன்ர கைதான் நோகும். திரும்பிப் போனாப் பிறகு தள்ளினாக் காத்தைத்தான் தள்ளுவாய். அது நிண்டு திரும்புற இடம் ஒண்டு இருக்கு. அதைப் பிடிக்க வேணும்.”

எஞ்சினுக்குள் அந்த இடம் இன்னும் நுணுக்கமானது. பெற்றோல் கலந்த காற்று பற்றிய உடனே முழுதாக எரிந்துவிடாது, அதற்கு ஒரு சிறு பொழுது வேண்டும். அதனால் பிஸ்ரன் உச்சிக்கு வர முன்னமே தீப்பொறி விழ வேண்டும். அளவுக்கு மிஞ்சி முந்தினால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்ரனின் தலையிலேயே அழுத்தம் இறங்கும். எஞ்சின் கணகணவென்று தட்டும். பிந்தினால் பிஸ்ரன் இறங்கத் தொடங்கிய பிறகு அழுத்தம் அதைத் துரத்தும். வலு வராது, எரிந்த சூடு வேலைக்குப் போகாமல் சைலன்சர் வழியே போகும், றேடியேற்றர் கொதிக்கும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தரம் சுற்றும்போது செக்கனுக்கு 100 தீப்பொறி. அந்த வேகத்தில் கிறாங் ஒரு பாகை திரும்ப எடுக்கும் நேரம் ஒரு செக்கனில் 18,000இல் ஒரு பங்கு. இரண்டு பாகை பிழைத்தால் குஞ்சியப்பு வாசலில் நின்றே முகத்தைச் சுளிப்பார். மனிதக் காது இவ்வளவு சிறு பிசகைப் பிடிக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

ஆனால் அவர் உடனே டிஸ்ரிபியூற்றரில் கை வைக்க மாட்டார். ரைமிங் பிழை என்று வருகிற காரில் பல தரம் பிழை வேறெங்கோ இருக்கும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். மனிபோல்ட் கஸ்கற்றால் காற்று இழுத்துக் கலவை மெலிந்தாலும் எஞ்சின் தட்டும். சிலிண்டர் தலைக்குள் கரி படிந்து சிவந்தாலும் தட்டும். றேடியேற்றருக்குள் ஊத்தை அடைத்தாலும் கொதிக்கும். எனவே முதலில் கேள்விகள்.

“ஐயா, எப்ப தொடங்கினது? மெல்ல மெல்லவோ, ஒரே நாளிலயோ?”

“சூடேற முன்னமோ, ஏறினாப் பிறகோ?”

“ஆர் கடைசியாக் கை வைச்சது?”

மூன்றாவது கேள்விக்குக் கார்க்காரர் தயங்கினால் குஞ்சியப்புவுக்குப் பாதி விளங்கிவிடும். ஒரே நாளில் தொடங்கியதென்றால் யாரோ எதையோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். மெல்ல மெல்ல வந்ததென்றால் தேய்மானம்.

தேய்மானம் என்று கண்டால் முதலில் பொயின்ற். டிஸ்ரிபியூற்றர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டு, றோட்டரை உருவி எடுத்து, பொயின்ற் இரண்டும் விரியும் இடைவெளியைப் பார்ப்பார். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு இருக்க வேண்டும். பொயின்றின் பைபர் குதிக்கால் கேமில் உரசித் தேயத் தேய அந்த இடைவெளி சுருங்கும், சுருங்கினால் பொயின்ற் பிந்தித் திறக்கும், தீப்பொறியும் பிந்தும். ஒருவரும் தொடாமலே ரைமிங் நழுவுவது இப்படித்தான். இடைவெளியைச் சரிசெய்யாமல் டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி ரைமிங் வைப்பவர்கள்மேல் அவருக்குக் கோபம் வரும். அது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற வேலை என்பதில் எனக்கும் ஐயமில்லை. பொயின்றின் முகம் குழிவிழுந்து கருகியிருந்தால் கொண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். அதை இருட்டில்தான் சோதிப்பார். பிளக் வயரை எஞ்சின் உடம்புக்குக் கிட்டப் பிடித்துப் பொறியின் நிறம் பார்க்க வேண்டும். நீலமாய்ச் சடாரென்று பாய்ந்தால் நல்லது. மஞ்சளாய் மெலிந்து நெளிந்தால் வேலை இருக்கிறது.

பிறகு றோட்டரை விரல் நுனியால் சற்றுத் திருப்பிவிட்டு விடுவார். அது ஸ்பிறிங் இழுவையில் தானாகத் திரும்பி வர வேண்டும். எஞ்சின் வேகம் கூடக் கூடத் தீப்பொறியை முந்தச் செய்வதற்கு டிஸ்ரிபியூற்றருக்குள்ளே இரண்டு சிறு இரும்புக் கட்டிகள் உண்டு. சுழற்சியில் அவை வெளியே விரியும். எண்ணெய் காணாமல் துருப்பிடித்தால் அவை அப்படியே இறுகிவிடும். அப்படி இறுகிய கார் ஊருக்குள் நன்றாக ஓடும்; பரந்தன் றோட்டில் வேகம் பிடித்தால் சோர்ந்துவிடும். றோட்டருக்குக் கீழே தெரியும் திருகின் தலையில் ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும், இந்த வியாதி வராது. அந்த ஒரு துளியை யாரும் விடுவதில்லை என்பது அவருடைய ஆயுட்கால முறைப்பாடு.

கார்பரேற்றரிலிருந்து வரும் வக்கூம் குழாயைச் சோதிக்க அவருக்கு வாய் போதும். குழாய் நுனியை உதட்டில் வைத்து உறிஞ்சுவார், உள்ளே பொயின்ற் தட்டு அசைகிறதா என்று கண் பார்க்கும். பிறகு நாக்கால் துவாரத்தை அடைப்பார். இழுவை நாக்கில் ஒட்டி நின்றால் உள்ளே இருக்கும் தோல் நல்லது, விட்டுப்போனால் கிழிந்துவிட்டது. பெற்றோல் வாசம் அடிக்கும் அந்த உதட்டோடுதான் தேத்தண்ணி குடிப்பார். ஆச்சி ஏசுவா.

ரைமிங் செயின் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி என்னை அங்கே நிறுத்துவார். “றோட்டரைப் பார்த்துக்கொண்டு நில், மேனை. அசைஞ்ச உடனை சொல்லு.” அவர் கீழே இருந்து ஹான்டிலால் கிறாங்கை ஒரு பக்கம் மெல்லத் திருப்பி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்புவார். கிறாங் திரும்பத் தொடங்கியதற்கும் றோட்டர் அசைந்ததற்கும் இடையில் எவ்வளவு சும்மா போகிறது என்பதுதான் செயினின் தளர்ச்சி. “அசைஞ்சிட்டுது!” என்று நான் கத்தும்போது எனக்கு ஏதோ பெரிய பொறுப்புக் கையில் இருந்தது போலிருக்கும்.

இவ்வளவும் சரி என்று கண்டபின்தான் ரைமிங். கிறாங்கின் முன்சில்லில் ஒரு வெட்டு, ரைமிங் கவரில் கூரான முள்ளுகள். நீளமானது உச்சிப் புள்ளி, மற்றவை 5, 10 பாகைகள். மைனரில் இவை கீழ்ப்பக்கம் இருக்கும், குப்புறக் கிடந்துதான் காண வேண்டும். முதலாம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு என் பெருவிரலால் துவாரத்தை அடைக்கச் சொல்வார். காற்று விரலைத் தள்ளினால் அது அழுத்தச் சுற்று. தள்ளாவிட்டால் மற்றச் சுற்று, இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் பூட்டினால் கார்பரேற்றருக்குள்ளால் வெடிக்கும். ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்பது பொறி விழும் ஒழுங்கு. வாய்ப்பாட்டுக்கு முன்னமே எனக்கு அது பாடம்.

புத்தகம் சொல்லும் முறையில், 12 வோல்ற் பல்பு ஒன்றைப் பொயின்றோடு தொடுத்து வைத்தால் பொயின்ற் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். நல்ல பற்றரி கிடைக்காத காலத்தில் அவர் சிகரெட் தாளைப் பயன்படுத்தினார். மெல்லிய தாளைப் பொயின்ற் இரண்டுக்கும் இடையில் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே கிறாங்கைத் திருப்ப, பொயின்ற் திறக்கும் கணத்தில் தாள் கழன்று வரும். மின்சாரமே வேண்டியதில்லை. இவ்வளவு எளிமையும் இவ்வளவு துல்லியமும் ஒன்றாகச் சேர்ந்த இன்னொரு சோதனையை நான் கண்டதில்லை.

இவையெல்லாம் நிற்கும் காரில். ஓடும் காரில் சோதிப்பதற்கு இங்கிலாந்துக்காரர் சொன்ன வழி, ரொப் கியரில் ஒரு மேட்டில் ஏற்றிப் பார்ப்பது. பாரம் ஏறும்போது மிக மெல்லிய தட்டல் ஒன்று கேட்டு உடனே மறைந்தால் ரைமிங் சரி. தட்டிக்கொண்டே இருந்தால் முந்திவிட்டது. ஒன்றுமே கேளாவிட்டால் பிந்தியிருக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் மேட்டுக்கு எங்கே போவது? தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல் மட்டம். பெயரில் மலை வைத்திருக்கும் கீரிமலையிலும் மலை இல்லை. சிலர் காருக்குள் ஆட்களை அடைத்து ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள்.

குஞ்சியப்பு கண்டுபிடித்த மேடு பண்ணைப் பாலம். யாழ்ப்பாணத்தையும் வேலணையையும் இணைக்கும் அந்தக் கடல்வழித் தெருவில் சோளகம் வீசும் மாதங்களில் காற்று எதிரே நின்று காரைத் தள்ளும். தென்மேற்கே முகம் வைத்து, ரொப் கியரில், மணிக்கு 30 மைல் வேகத்தில் போய்க்கொண்டு அக்சிலேற்றரை முழுக்க மிதிப்பார். எஞ்சினுக்கு அது மலை ஏறுவதற்குச் சமம். கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்பார். இரு பக்கமும் பரவைக் கடல், தூரத்தில் மீன் வலைத் தடிகள், எங்கள் தலைமயிர் முழுக்க உப்பு. நான் பின் சீற்றில் மூச்சை அடக்கி இருப்பேன். கணகணவென்று ஒரு நொடி வந்து போகும். “இந்தா, இந்தா. இதுதான்,” என்பார். காரை ஓரம் கட்டி, டிஸ்ரிபியூற்றரின் பக்கத்திலுள்ள வேர்னியர் நட்டை இரண்டு மூன்று சொடுக்குத் திருப்புவார். லூக்காஸ் டிஸ்ரிபியூற்றர்களில் அந்த நட்டுக்கு ஒரு பக்கம் முந்துவதற்கு, மறுபக்கம் பிந்துவதற்கு. சொடுக்குச் சொடுக்காகத் திரும்பும். திரும்பி வரும்போது காற்று முதுகில், எஞ்சினுக்கு வேலையே இல்லை. அது எங்களுக்குச் சவாரி.

1990இல் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையோடு பண்ணைப் பாலம் எங்களுக்கு அடைபட்டுப்போனது. பெற்றோலும் போனது.

பொருளாதாரத் தடையில் வடக்குக்கு வரக்கூடாத பொருட்களில் பெற்றோலும் பற்றரியும் முன்வரிசையில் இருந்தன. கள்ளமாய் வந்த கொஞ்சத்தைத் தங்கம் போல வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெயும் தட்டுப்பாடுதான், ஆனால் ஏதோ கிடைத்தது. ஆகவே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி கார்பரேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறும்வரை கெஞ்சி வைத்திருந்து, பிறகு மண்ணெண்ணெயைத் திறந்துவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஈரமாகவே சிலிண்டருக்குள் வழியும். இது எங்களுடைய கண்டுபிடிப்பு என்று அப்போது நினைத்திருந்தேன். இங்கிலாந்திலேயே பேர்குசன் ரி.ஈ. 20 உழவு இயந்திரத்தின் ஒரு வகை இப்படித்தான் ஓடியது என்று பிற்பாடு அறிந்தேன். பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றுவார்கள். அந்த எஞ்சினை அதற்கென்றே குறைந்த அழுத்த விகிதத்தில் செய்திருந்தார்கள். எங்கள் கேம்பிறிட்ஜையும் மைனரையும் யாரும் மண்ணெண்ணெய்க்கென்று செய்யவில்லை. அவற்றை ஓடவைத்தது ரைமிங்.

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பெற்றோலை விட மிகக் குறைவு. பிஸ்ரன் அழுத்தும் சூட்டிலேயே, பிளக்கின் சுடர் போய்ச் சேர முன்னம், எரியாமல் மிஞ்சிய மூலைக் கலவை தானாக வெடிக்கும். புத்தகத்து அளவில் ரைமிங் வைத்தால் எஞ்சின் தட்டியே பிஸ்ரன் உடையும். எனவே பொறியைப் பிந்த வைக்க வேண்டும். எவ்வளவு? அங்கேதான் சிக்கல். அதிகம் பிந்தினால் எஞ்சின் சோர்ந்து, சூடேறி, அரைகுறையாக எரிந்த மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். தண்ணீராய் மெலிந்த அந்த எண்ணெய் பெயாரிங்கைத் தின்றுவிடும். முந்தினாலும் சாவு, பிந்தினாலும் சாவு. நடுவில் ஒடுங்கலாய் ஓர் இடம்.

அந்த இடத்தைக் காட்டும் வேறு அடையாளங்கள் எல்லாம் அழிந்திருந்தன. நல்ல நாளில் பிளக்கின் நிறம் எல்லாம் சொல்லும். மண்ணிறமென்றால் சுகம், வெளுத்துப் பொரிந்திருந்தால் சூடு அதிகம். மண்ணெண்ணெயில் எல்லாப் பிளக்கும் கரிதான். ரைமிங் லைற் நல்ல பற்றரி கேட்கும். அது இருந்திருந்தாலும் என்ன, அந்த முள்ளுகளும் பாகைகளும் பெற்றோலுக்கென்று எழுதப்பட்டவை. வசதியில்லாமையால் காதால் ரைமிங் வைத்தார்கள் என்று இன்று சிலர் இரக்கத்தோடு சொல்லக் கேட்கிறேன். அது சரியல்ல. அந்த எரிபொருளுக்கு, அந்த எஞ்சினில், காதுதான் சரியான கருவி. இலண்டனிலிருந்து எந்தக் கருவியைக் கொண்டுவந்திருந்தாலும் அது பிழையான எண்ணைத்தான் காட்டியிருக்கும்.

மண்ணெண்ணெயும் ஒவ்வொரு கொள்வனவுக்கும் ஒவ்வொரு மாதிரி. பரலின் அடிமட்டம் என்றால் ஒரு குணம், கலப்படம் என்றால் இன்னொரு குணம். ஹயர் கார்க்காரர்கள் புதிதாக எண்ணெய் ஊற்றிய காலையில் கராஜ் வாசலால் ஒரு தரம் ஓட்டிப்போவார்கள், நிறுத்த மாட்டார்கள். குஞ்சியப்பு உள்ளே இருந்தபடியே கையைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் ஒரு சொடுக்குப் பின்னுக்கு, இரண்டென்றால் இரண்டு. உள்ளங்கையைக் காட்டினால் போகலாம். கார்க்காரர் அடுத்த சந்தியில் நிறுத்தித் தானே நட்டைத் திருப்பிக்கொள்வார். காசு கைமாறாது.

இருந்த பற்றரிகள் வலுவிழந்திருந்ததால் எல்லாக் கார்களையும் ஹான்டில் அடித்துத்தான் தொடக்க வேண்டும், இல்லையென்றால் தள்ள வேண்டும். ஹான்டிலும் ரைமிங்கைச் சொல்லும். முந்தி நின்றால் எஞ்சின் திருப்பி உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்களை எனக்குத் தெரியும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, மேல்நோக்கி மட்டும் இழுக்க வேண்டும், கீழ்நோக்கி அழுத்தவே கூடாது. ஊரில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெடியளுக்கு இது தெரிந்திருந்தது. சாவியை நிறுத்திய பிறகும் எஞ்சின் சூட்டில் தானாகவே குலுங்கி ஓடிக்கொண்டிருந்தால் கியரில் போட்டு அமத்த வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. 

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, வலிகாமமே எழும்பி நடந்தது. குஞ்சியப்புவின் கேம்பிறிட்ஜில் ஆச்சியும் அயலட்டை முதியவர்களும். நாங்கள் காரோடு நடந்தோம். செம்மணியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம், ஒரு தெரு, மழை. ஓர் அடி நகர்ந்தால் நெடுநேரம் நிற்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் வாகனங்கள் கொதித்து நின்றன. மண்ணெண்ணெய்க்குப் பிந்த வைத்த எஞ்சின் அசையாமல் நின்று இரைந்தால் சூடு முழுவதும் தலைக்கு ஏறும்; காற்று அடித்து ஆற்றுவதற்கு வேகம் இல்லை. நிறுத்தவும் பயம், மறுபடி தொடக்குவதற்கான பெற்றோல் போத்தலின் அடியில்தான் கிடந்தது.

குஞ்சியப்பு மூடியைத் திறந்தார். நான் உரப்பையை மழைக்குப் பிடித்தேன். ரோச் இல்லை. விரலால் தடவி நட்டைக் கண்டுபிடித்து முந்தும் பக்கமாகத் திருப்பத் தொடங்கினார், வழமையான இரண்டு மூன்று சொடுக்கு அல்ல, நிறைய. எனக்குப் பதறியது. தட்டி உடைந்துவிடாதா என்று கேட்டேன். “பாரம் இல்லை மேனை. நிண்டு ஓடேக்க தட்டாது. தட்டுறதுக்குப் பாரம் வேணும்.” எஞ்சினின் இரைச்சல் மெலிந்து சீரானது. முந்திய பொறியில் எரிவு சிலிண்டருக்குள்ளேயே முடிய, சைலன்சருக்குப் போன சூடு குறைந்தது. றேடியேற்றரின் கொதி மெல்ல அடங்கியது. பாலம் தாண்டிக் கைதடிப் பக்கம் தெரு கொஞ்சம் விட்டதும் மறுபடி இறங்கி, சொடுக்குகளை எண்ணிப் பின்னுக்கு வைத்தார். அந்த இருட்டிலும் அந்தச் சனத்துக்குள்ளும் அவர் அந்த எண்ணிக்கையை மறக்கவில்லை. விடிய நாங்கள் தென்மராட்சியில் இருந்தோம். காரில் வந்தவர்கள் எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள்.

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோது கொட்டில் இல்லை. மாமரம் நின்றது. பிறகு கப்பலில் பெற்றோல் வரத் தொடங்கியது. 2002 சித்திரையில் ஏ9 திறந்ததும் தாராளமானது. ஓடிக்கொண்டிருந்த எல்லாக் கார்களுக்கும் ரைமிங்கைத் திரும்பப் பெற்றோலுக்கு வைக்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் அவருக்கு ஓய்வே இல்லை, முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அதுதான் கடைசிப் பெருவேலை. அதே பாதையால் யப்பான் வான்களும் முச்சக்கர வண்டிகளும் வந்தன. அதே பாதையால் தெற்கிலிருந்து பழைய கார் சேர்ப்பவர்களும் வந்தார்கள். மைனர்களும் சோமசெற்றுகளும் ஒவ்வொன்றாய் லொறியில் ஏறிப் போயின. வாங்கியவர்கள் முதலில் செய்தது பொயின்றையும் கொண்டென்சரையும் கழற்றி எறிந்துவிட்டு மின்னணுப் பற்றவைப்பைப் பூட்டியதுதான். அதில் தேய்வதற்குக் குதிக்கால் இல்லை, நழுவுவதற்கு இடைவெளி இல்லை. நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். இன்றைய கார்களின் எஞ்சின் உடம்பில் ஒரு சிறு உணரி பூட்டியிருக்கிறது. தட்டலின் அதிர்வை அது கேட்டு, கணினிக்குச் சொல்லி, அடுத்தடுத்த சுற்றுகளிலேயே பொறியைப் பிந்த வைக்கிறது. குஞ்சியப்பு இருந்திருந்தால் அதைக் கழற்றிக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்திருப்பார்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய கொப்பிகளைத் தேடிப் பார்த்தேன். யாருக்கு என்ன சாமான் போட்டது, யார் எவ்வளவு தர வேண்டும் என்பது மட்டும் இருந்தது. மண்ணெண்ணெய்க்கு எத்தனை பாகையில் வைத்தார் என்பது எங்குமே இல்லை. அவருக்கு அது பாகையாக இருந்ததே இல்லை, சத்தமாகத்தான் இருந்தது. ஐந்து வருடத்துக்கு மேலாக ஒரு குடாநாட்டின் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் சுமந்த ரைமிங் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

இன்னும் சில இடங்களில் அந்தக் கால ஒஸ்ரின்கள் பனையோலைக்குக் கீழே, கோழி அடைகாக்கும் நிலையில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டாவது மண்ணெண்ணெயில் ஓடி நின்றதோடு சரி, பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அப்படியொன்று உங்கள் வளவிலோ உறவினர் வளவிலோ இருந்தால், விற்க முன்னமும் கழுவ முன்னமும் மூடியைத் திறவுங்கோ. டிஸ்ரிபியூற்றரின் கிளாம்பைத் தளர்த்த வேண்டாம். வேர்னியர் கோடு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கோ. பிறகு முதலாம் பிளக்கைக் கழற்றி, பெருவிரலை வைத்து, அழுத்தச் சுற்றில் கிறாங்கை மெல்லத் திருப்பி, சிகரெட் தாள் கழலும் இடத்தில் நிறுத்தி, முன்சில்லின் வெட்டு எந்த முள்ளுக்கு நேரே நிற்கிறது என்பதையும் எழுதுங்கோ. கார் எது, எந்த வருடத்தது, கடைசியாக யார் கராஜில் நின்றது என்பதையும் சேர்த்து.